வலப்பக்கத்துக்கு ஓர் ஆள்

யாழ்ப்பாணத்து வீதியில் மோட்டார் சைக்கிளின் ஸ்ராண்டை மடக்க மறந்து நூறு யார் தூரம் ஓடிப் பாருங்கள். எதிரே வருபவர், பின்னால் வருபவர், மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் அக்கா, மரக்கறிப் பையோடு சைக்கிள் மிதிக்கும் பெரியவர் என்று ஊரே சேர்ந்து "ஸ்ராண்ட், ஸ்ராண்ட்" என்று கத்தும். பின்னால் இருக்கும் பெண்ணின் சேலைத் தலைப்பு தொங்கினால் இன்னும் மோசம். துரத்தி வந்து வழிமறித்து, அவர் அதை இழுத்து மடியில் சொருகுவதைக் கண்ணால் கண்ட பிறகுதான் விடுவார்கள். வேலிச் சண்டையில் பத்து வருடமாக முகம் பார்க்காத இரண்டு பேர்கூட இந்த விடயத்தில் ஒருவரை ஒருவர் கைவிடமாட்டார்கள். ஸ்ராண்டைச் சொல்லிவிட்டுப் பிறகும் முகம் பார்க்கமாட்டார்கள் என்பது வேறு கதை.

இந்த உபகாரத்தை நான் முப்பது வருடமாகச் செய்தும் பெற்றும் வந்திருக்கிறேன். பெறுவதைவிடச் செய்வதில்தான் எனக்கு விருப்பம் அதிகம். மற்றவனுடைய பிழையைக் கண்டுபிடித்து நாலுபேர் கேட்கச் சொல்வதில் இருக்கும் சுகத்தை ஓர் அரசாங்க எழுதுவினைஞனுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

என் வீடு கொழும்புத்துறையில். வேலை பார்க்கும் கந்தோர் பருத்தித்துறையில். நடுவே இருபது மைல். அதை ஒவ்வொரு நாளும் ஒரு பழைய தொண்ணூறு சிசி மோட்டார் சைக்கிளில் போய் வந்தேன். அதற்கு என் கலியாணத்தைவிட வயது கூட. மனைவி அதை மூத்தாள் என்றுதான் சொல்வாள். மூத்தாளுக்குச் செய்கிற சேவையில் காற்பங்கு தனக்குக் கிடைத்தால் போதும் என்றும் சொல்வாள். நான் எண்ணெய்த் துணியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்காத மாதிரி நிற்பேன்.

அந்த இருபது மைலில் பெரும்பகுதிக்கு வீடு, கடை, கோயில், வாழைத்தோட்டம் என்று ஏதாவது ஒன்று துணைக்கு வரும். ஆவரங்கால் கழிந்து வல்லைவெளி தொடங்கினால் துணை முடிந்தது. இரண்டு பக்கமும் வெட்டை. மாரியில் தண்ணீர், கோடையில் புழுதி. வைகாசியில் சோளகக் காற்று எழும்பிவிட்டால், காலையில் பருத்தித்துறைப் பக்கம் போகிறவனை அது இடப்பக்கத்தால் வந்து பிடிக்கும். பிடித்து, ஆளையும் வண்டியையும் சேர்த்து வீதியின் நடுவுக்குத் தள்ளும். நடுவிலே ஆளேற்றும் வான்காரர்கள் தங்களுக்குள் ஓட்டப்போட்டி வைத்துக்கொண்டிருப்பார்கள்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு சோளகக் காலத்தில், அந்த வெளியில் ஒரு பெண் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு நடந்து போவதைக் கண்டேன். மெலிந்த ஆள். எண்ணெய் முடிந்துவிட்டதாக்கும் என்று நிறுத்திக் கேட்டேன். எண்ணெய் இருக்கிறதாம். எஞ்சினும் சரியாம். காற்றுக்குப் பயமாம். அதனால் ஒவ்வொரு நாளும் முக்கால் மணித்தியாலம் முன்னதாக வீட்டை விட்டு வெளிக்கிட்டு, இந்த வெளியை மட்டும் நடந்து கடக்கிறாராம். பருத்தித்துறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியை. நடந்தால் எத்தனை நிமிடம், ஓடினால் எத்தனை நிமிடம், விழுந்தால் எத்தனை மாதம் என்று எல்லாம் கணக்குப் பார்த்து வைத்திருந்தார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அன்றைக்கே ஒரு படையைத் திரட்டினேன். வெளி தொடங்கும் முன் இருக்கிற கடைசித் தேத்தண்ணிக் கடையில் என்னோடு வழக்கமாக நிற்கிற இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் நல்லூரிலிருந்து வரும் வங்கிக்காரர். கடவுள் அவருக்கு அந்த உடம்பைக் கொடுத்தது வங்கிக் கதிரையில் இருத்தி வைக்க அல்ல, வல்லைவெளியில் காற்று மறைக்கத்தான் என்பது என் முடிவு. அவரையும் அவருடைய கனத்த புது மோட்டார் சைக்கிளையும் இடப்பக்கம் விட்டேன். அவருடைய மறைப்பில் ரீச்சர். மற்றவன் குருநகரைச் சேர்ந்தவன், படகு எஞ்சின் திருத்துகிறவன், மூன்று பிள்ளைகளின் தகப்பன். யாருடைய வண்டியாவது நின்றுவிட்டால் பொறுக்கிக்கொண்டு வரவேண்டும் என்பதற்காக அவனைக் கடைசியில் விட்டேன். முன்னால் நான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்று தொடக்கம் அதுவே வழக்கமாயிற்று. நாலு பேரும் வந்து சேரும்வரை யாரும் வெளியில் இறங்குவதில்லை. வரமாட்டாதவர் முதல்நாளே போனில் எங்கள் குழுவில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் நின்றவருக்குத் தண்டனை மறுநாள் தேத்தண்ணி. ஒருமுறை வங்கிக்காரரின் புது வண்டி நட்டநடு வெளியில் மூச்சை விட்டது. எஞ்சின்காரன் குனிந்து பார்த்துவிட்டு, இதற்குள் இருப்பது எஞ்சின் இல்லை, கம்பியூட்டர் என்று கையை விரித்தான். நான் என் வலக்காலை நீட்டி அவருடைய பின் மிதியில் ஊன்றி, அந்த மலையை மூத்தாளின் பலத்தில் நெல்லியடி வரை தள்ளிக்கொண்டு போய் விட்டேன். இந்தக் கதையை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் என்று அவரே விரல் மடித்து எண்ணிக்கொண்டு வருகிறார்.

இனிமேல் சொல்லப் போவது, எனக்கு அவ்வளவு விருப்பமில்லாத பகுதி.

போன மாரி முடியும் தறுவாயில் என் வலக்கண் மங்கத் தொடங்கியது. முதலில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். பிறகு ஹெல்மெற்றின் கண்ணாடியைத் துடைத்தேன். இடக்கண்ணைப் பொத்திப் பார்த்தபோதுதான் துடைக்க வேண்டியது எது என்று தெரிந்தது. புகை பிடித்த லாம்புச் சிமிலிக்குள்ளால் பார்க்கிற மாதிரி. மாசி, பங்குனி போக, வலப்பக்கத்தில் ஆள் நிற்பது தெரியும், ஆர் என்று தெரியாது. பிறகு ஆள் நிற்பதும் தெரியவில்லை.

மனைவிக்குச் சொல்லவில்லை. டாக்டரிடம் போகவில்லை. பயம் என்பதைவிட வேறு காரணம் எதுவும் இல்லை. என் சாரதி அனுமதிப்பத்திரம் அந்த வருடம் புதுப்பிக்க வேண்டியது, அதற்குக் கண்ணைப் பார்ப்பார்கள். பார்த்தால், இனி ஓடாதே என்பார்கள். பிறகு இரண்டு பஸ் மாறிக் கந்தோருக்குப் போகவேண்டும், சந்தைக்குப் போக அயலானைக் கேட்கவேண்டும், பூசைக்குப் போக மருமகனின் நேரம் பார்க்கவேண்டும். ஆயுள் முழுக்க மற்றவனைத் தள்ளி விட்டவன், போகிற வருகிறவனிடம் "தம்பி, அந்தச் சந்தியிலை இறக்கி விடுவியளோ" என்று கேட்டுக்கொண்டு நிற்பதை நினைக்கவே எனக்கு மனம் வரவில்லை. இருபது மைலும் மனப்பாடம், ஒரு கண் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சித்திரை கழிந்து சோளகம் தொடங்கியது. படையில் ஒழுங்கீனமும் அப்போதுதான் தொடங்கியது. ஒருநாள் பின்னால் வரவேண்டிய எஞ்சின்காரன் எனக்கு வலப்பக்கமாக, ஒரு வண்டி தள்ளி வந்துகொண்டிருந்தான். அடுத்த நாள் அதே இடத்தில் வங்கிக்காரர். அவர் வலப்பக்கம் வந்தால் இடப்பக்கத்துக் காற்றை யார் மறைப்பது? இன்னொரு நாள் ரீச்சர், மறைப்பு ஒன்றும் இல்லாமல், கழுத்தை நீட்டிக்கொண்டு அதே இடத்தில். கையைக் காட்டிப் பின்னால் போகச் சொன்னேன். காணாத மாதிரி வந்தார். எதிர்த்து ஒரு சொல் பேசாத ரீச்சர்கூட எனக்குக் கட்டுப்படவில்லை.

கடை வாங்கில் மூவரையும் இருத்தி வைத்து விசாரணை நடத்தினேன். இடக்காதில் காற்றுப் பட்டால் காது குத்துகிறது என்றார் வங்கிக்காரர். மூத்தாளின் எஞ்சினில் ஒரு சத்தம் கேட்கிறது, வலப்பக்கத்தில் வந்தால்தான் அது பிடிபடும் என்றான் எஞ்சின்காரன். அதை நம்பி நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போகாமல் எஞ்சினைக் கழற்றிப் பூட்டினேன். ரீச்சர் சீனி கரைந்து முடிந்த தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். எனக்கு விளங்கிவிட்டது. வங்கிக்காரருக்கு முன்னால் ஓட ஆசை. மற்ற இரண்டு பேரையும் வளைத்துப் போட்டிருக்கிறார். நான் உண்டாக்கிய படையில் எனக்கே குழி.

நான் ரோசக்காரன். தொடக்கிய நானே விலகுகிறேன் என்று சொல்லி, தேத்தண்ணியை முழுக்கக் குடிக்காமல் எழும்பினேன். போனில் இருந்த குழுவிலிருந்தும் வெளியேறினேன். எப்படி வெளியேறுவது என்று தெரியாமல் என் மகளிடம் கேட்டுத்தான் வெளியேறினேன். அடுத்த திங்கட்கிழமை அரை மணித்தியாலம் முன்னதாக வெளிக்கிட்டேன். கந்தோரில் என்ன விசேஷம் என்று மனைவி கேட்டதற்கு, கடமை என்று பதில் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கடையில் நிற்காமல் தனியே வெளியில் இறங்கினேன். பின்னால் எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் ஆயிரம் பேர், யாரோ ஒருவன் என்று விட்டுவிட்டேன். ஒருவருடைய தயவும் இல்லாமல் கடக்கிறேன் என்ற பெருமையில் புதன்கிழமை சற்றுப் பாடியும் பார்த்தேன்.

வியாழக்கிழமை காற்று வெறி பிடித்து நின்றது. வெளிக்குள் இறங்கிக் கொஞ்சத் தூரத்தில் மூத்தாளின் முன் சில்லு என் சொல்லைக் கேட்க மறுத்தது. நான் நேராகப் போகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் வீதியின் நடுவுக்கு வந்துவிட்டேன். பின்னால் ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சின்ன ஹோர்ன் சத்தம், விடாமல். எவனடா அவன் என்று எரிச்சலோடு கழுத்தை முழுக்கத் திருப்பினேன். திருப்பிய பிறகுதான் கண்டேன், என் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு வான். அது எப்போது வந்தது, எவ்வளவு நேரம் அங்கே இருந்தது, எனக்குத் தெரியாது. இடப்பக்கம் வெட்டினேன். வான்காரனும் மறுபக்கம் வெட்டினான். அவனுடைய வண்டியின் சூடு என் காலில் அடித்துவிட்டுப் போனது.

வீதிக்கரைப் புழுதியில் நிறுத்தினேன். பின்னால் ஸ்கூட்டி வந்து நின்றது. ரீச்சர். ஹெல்மெற்றைக்கூடக் கழற்றாமல் என்னிடம் ஓடி வந்தார். முன்னுக்கும் பின்னுக்கும் பார்த்தேன். வங்கிக்காரர் இல்லை, எஞ்சின்காரனும் இல்லை. அந்தக் காற்றில், மறைப்புக்கு ஒருவரும் இல்லாமல், ரீச்சர் தனியே இறங்கியிருக்கிறார்.

"நீங்கள் ஏன் ரீச்சர் தனிய வந்தனீங்கள்? இந்தக் காத்துக்கு?"

"இண்டைக்கு என்ரை முறை, அண்ணை."

பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னார். சோளகம் தொடங்கியதிலிருந்து என் வலப்பக்கத்துக்கு அவர்கள் முறை போட்டிருக்கிறார்கள். முறை அட்டவணை அவருடைய கைவேலைதான், கணித ஆசிரியை அல்லவா. திங்களும் புதனும் எஞ்சின்காரன். செவ்வாயும் வெள்ளியும் வங்கிக்காரர். காற்றுக்குப் பயந்தவர் என்பதால் ரீச்சருக்கு வியாழன் மட்டும். நான் அரை மணித்தியாலம் முன்னதாகப் போவதைத் திங்களன்று எஞ்சின்காரன் கண்டதும் அட்டவணையும் அரை மணித்தியாலம் முன்னால் நகர்ந்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்தே பின்னால் வருவார்களாம், வெளிக்குள் இறங்கியதும் கிட்ட வருவார்களாம். இன்று காற்று மோசம், தான் போகட்டுமா என்று எஞ்சின்காரன் கேட்டானாம். தன் முறையைத் தானே செய்வதாக இவர் சொல்லிவிட்டாராம்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். கடை வாங்கில் எஞ்சின்காரன் எனக்கு வலப்பக்கம் வைத்த தேத்தண்ணியை நான் இரண்டு தரம் தட்டி ஊற்றியிருக்கிறேன், இரண்டு தரமும் அவனைத்தான் ஏசியிருக்கிறேன். வலப்பக்கத்தால் வந்து வணக்கம் சொல்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லையாம், தலைக்கனம் என்று ஊரில் பேச்சாம். எதைப் பார்ப்பதென்றாலும் காகம் மாதிரித் தலையை முழுக்கத் திருப்பிப் பார்க்கிறேனாம். நான் ஒளித்து வைத்திருப்பதாக நினைத்தது தேத்தண்ணிக் கடைக்காரருக்கே தெரிந்திருக்கிறது. அவர் சில மாதமாக என்னுடைய கிளாஸை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு வந்ததை அப்போதுதான் யோசித்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். இத்தனை பேர் கூடி என்னைச் சின்னப்பிள்ளையாக்கி வைத்திருந்தீர்களோ, முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று சத்தம் போட்டேன். நாலு வருடத்தில் என்னை எதிர்த்து ஒரு சொல் பேசாத மனிதர் அன்றைக்குப் பேசினார்.

"சொன்னால் கோவிச்சுக்கொண்டு தனியப் போயிடுவியள் எண்டு பயந்தம். நாங்கள் சொல்லாமலே போயிட்டியள். நாங்கள் செய்ததும் பிழைதான், அண்ணை. முறை போட்டது பிழை. நான் ஹோர்ன் அடிக்கக் கொஞ்சம் பிந்தியிருந்தால் இப்ப அக்காவுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

அக்கா என்றது என் மனைவியை. வான் உரசிக்கொண்டு போனபோது வராத பயம் எனக்கு அப்போது வந்தது. செத்துப்போகிற பயம் அல்ல. காற்றுக்குப் பயந்து முக்கால் மணித்தியாலம் நடக்கிற ஒரு மனிதரை இந்தக் காற்றுக்குள் இழுத்து வந்து விட்டேனே என்ற பயம். அவர் விழுந்திருந்தால் நான் அதைக் கண்டுகூட இருக்கமாட்டேன்.

"எனக்கு வலக்கண் தெரியேல்லை, ரீச்சர்."

அதை வாயால் சொன்னது அதுதான் முதல் தரம். என் மனைவிக்குச் சொல்லாததை, ஒரு வெட்டையில், காற்றுக்கு மேலால் கத்திச் சொன்னேன். அவர் "ஓம், அண்ணை" என்றார், அவ்வளவுதான். பிறகு போனை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினார்.

கால் மணித்தியாலத்தில் படை வந்து சேர்ந்தது. வங்கிக்காரரும் எஞ்சின்காரனும் ஒரே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். இரண்டு பேரும் ஒரு வண்டியில் ஏன் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. எஞ்சின்காரன் தன் வண்டியைக் கடையடியில் விட்டுவிட்டு வந்திருந்தான். ரீச்சர் கணக்குப் பார்த்திருக்கிறார். மூத்தாளை ஓட்ட ஓர் ஆள் வேண்டும், என்னை ஏற்ற ஒரு வண்டி வேண்டும். நான் இனி ஓட்டப் போவதில்லை என்பது என்னிடம் கேட்காமலே முடிவாகியிருந்தது. அன்று பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் கண் கிளினிக் நாள் என்பதையும், நான் அங்கேதான் போகிறேன் என்பதையும் அதே மாதிரித்தான் அறிந்துகொண்டேன்.

டாக்டர் சொன்னதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கண்ணில் முற்றிய வெண்புரை, வில்லை மாற்றினால் பார்வை வரும், வந்த பிறகு ஓடலாம், அதுவரைக்கும் வண்டியைத் தொடக்கூடாது என்றார். இவ்வளவு காலம் எங்கே போயிருந்தீர்கள் என்றும் கேட்டார். வல்லைவெளியில் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். சத்திர சிகிச்சைக்குத் திகதி தந்திருக்கிறார்கள், காத்திருக்கிறேன். மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசத் தொடங்கியவள் இன்னும் நிறுத்தவில்லை.

ஆனால் அந்த வியாழக்கிழமை, வெளியில் நின்றபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. இனி ஒருநாளும் ஓடமாட்டேன் என்றுதான் நினைத்தேன். எஞ்சின்காரன் மூத்தாளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். சாவியைக் கேட்கவில்லை, கையையும் நீட்டவில்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றான். நான் சாவியைக் கழற்றி அவனுடைய சட்டைப் பைக்குள் போட்டேன். எனக்கு மூன்று உதை கேட்கிறவள், அவனுக்கு ஒரே உதையில் எழும்பினாள்.

வங்கிக்காரருக்குப் பின்னால் ஏறி இருந்தேன். இருந்தவுடன் வாய் சும்மா இருக்கவில்லை. இடப்பக்கமாகப் போங்கோ, ரீச்சர் மறைப்புக்குள் வரட்டும், பாலத்தடியில் காற்றுச் சுழற்றும், மெல்லப் போங்கோ என்று கட்டளை போட்டுக்கொண்டே இருந்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டுத் திரும்பினார்.

"அண்ணை, நீங்கள் இப்ப பின்னாலை இருக்கிறியள். என்னைப் பிடியுங்கோ."

முப்பது வருடத்தில் நான் யாரையும் பிடித்துக்கொண்டு போனதில்லை. எங்கே பிடிப்பது என்றும் தெரியவில்லை. கடைசியில் அவருடைய சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். வெளி முடிந்து, நெல்லியடியில் காற்று விழுந்த பிறகும் நான் பிடியை விடவில்லை.